மின்னுக்கு வேலியிட்டவர்

நுழையும்முன்

கைப்பேசியும் வானொலியும் கணினியும் இல்லாத வீடு இன்று அரிது. வானில் எழும் வலிய மின்காந்தத் துடிப்பு ஒன்று இக்கருவிகளை இமைப்பொழுதில் பாழாக்கக்கூடும் என்பதை இருபதாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் உலகம் அறிந்துகொண்டது. அவற்றைக் காக்க வல்லது ஓர் எளிய உலோகப் பெட்டி. அப்பெட்டிக்கு இலக்கணம் வகுத்தவரோ கைப்பேசியையும் கணினியையும் கனவிலும் கண்டிராதவர். வீடுகளுக்கு மின்விளக்கு வருமுன்பே மறைந்தவர். இரும்புக் கொல்லரின் மகனாகப் பிறந்து, நூற்கட்டும் தொழில் கற்று, அறிவியலின் முதல் வரிசையில் இடம்பெற்ற மைக்கேல் ஃபாரடேயின் வரலாறு இது.

கொல்லர் வீட்டுப் பிள்ளை

இன்று இலண்டன் மாநகரின் தென்பகுதியாக விளங்கும் நியூவிங்டன் பட்ஸ், அந்நாளில் சர்ரே மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அங்கே 1791ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் ஜேம்ஸ் ஃபாரடே, மார்கரெட் இணையரின் மூன்றாம் குழந்தையாக மைக்கேல் பிறந்தார். தந்தை ஜேம்ஸ் வட இங்கிலாந்திலிருந்து பிழைப்பு நாடி வந்த இரும்புக் கொல்லர். அடிக்கடி நோய்வாய்ப்பட்டதால் அவரால் உலைக்களத்தில் நாள்முழுதும் நின்று உழைக்க இயலவில்லை. 1801ஆம் ஆண்டில் தானிய விலை உயர்ந்தபோது, ஒரு வாரத்திற்கு ஒரு ரொட்டி என்று அளந்து சிறுவன் மைக்கேலிடம் கொடுக்கப்பட்டது. அதை ஏழு நாளுக்கும் பகுத்து உண்ணவேண்டியது அவர் பொறுப்பு.

எழுத்தும் எண்ணும் கற்றதோடு பள்ளிக் கல்வி நின்றது. 13ஆம் வயதில், பிளாண்ட்ஃபோர்டு தெருவில் நூல் விற்பனையும் நூற்கட்டும் நடத்திவந்த ரீபோ என்பவரிடம் எடுபிடிச் சிறுவனாகச் சேர்ந்தார். நாளிதழ்களை வீடுவீடாகக் கொண்டு கொடுப்பதும், ஒருவர் படித்து முடித்ததும் வாங்கி அடுத்தவரிடம் சேர்ப்பதும் அவர் வேலை. ஓராண்டு கழித்து ரீபோ அவரை ஏழாண்டுக் காலத் தொழில்பயில்வோராக ஏற்றுக்கொண்டார். தொழில் கற்பிக்கக் கட்டணம் பெறுவது அக்கால வழக்கம். சிறுவனின் நேர்மையை உணர்ந்திருந்த ரீபோ அதனை வேண்டாமென்று விட்டுவிட்டார். அந்த நல்ல மனத்துக்கு அறிவியல் உலகம் பெரிதும் கடன்பட்டிருக்கிறது.

தைக்க வந்த ஏடுகளை ஃபாரடே படிக்கத் தொடங்கினார். பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தில் மின்சாரம் பற்றிய கட்டுரையும், ஜேன் மார்செட் என்னும் பெண்மணி எளிய உரையாடலாக எழுதிய வேதியியல் நூலும் அவரை ஆட்கொண்டன. படித்ததை அப்படியே நம்பும் இயல்பு அவரிடம் இல்லை. கைக்கு எட்டிய சில்லறைக் காசில் புட்டிகளையும் கம்பிகளையும் வாங்கி, உராய்வால் மின்னூட்டம் எழுப்பும் சிறு பொறி ஒன்றைத் தாமே செய்து, நூல் சொல்வது மெய்தானா என்று பார்த்தார். இப்பழக்கம் அவருடைய வாழ்நாள் முழுதும் மாறவில்லை. மாலை வேளைகளில் டேட்டம் என்பவர் நிகழ்த்திய அறிவியல் சொற்பொழிவுகளுக்கும் சென்றார். ஒவ்வொன்றுக்கும் நுழைவுக் கட்டணம் ஒரு ஷில்லிங். தந்தையின் தொழிலையே மேற்கொண்டிருந்த அண்ணன் ராபர்ட் அதனைக் கொடுத்து உதவினார்.

டேவியின் உதவியாளர்

1812ஆம் ஆண்டில் ரீபோவின் வாடிக்கையாளர் ஒருவர், ராயல் இன்ஸ்டிடியூஷன் என்னும் அறிவியல் நிறுவனத்தில் ஹம்ப்ரி டேவி ஆற்றவிருந்த நான்கு சொற்பொழிவுகளுக்கு நுழைவுச் சீட்டு வழங்கினார். சோடியம், பொட்டாசியம் ஆகிய தனிமங்களைப் பிரித்தெடுத்துப் புகழின் உச்சியில் இருந்தவர் டேவி. ஃபாரடே அவருடைய பேச்சைக் குறிப்பெடுத்து, படங்கள் வரைந்து, விரித்தெழுதி, ஏறத்தாழ 300 பக்கங்களைத் தம் கையாலேயே நூலாகக் கட்டி அவருக்கு அனுப்பிவைத்தார். நூற்கட்டும் தொழில் அன்று அவருக்குப் பரிந்துரைக் கடிதமாயிற்று. டேவி அன்போடு பேசினாலும், கற்ற தொழிலையே தொடருமாறுதான் முதலில் அறிவுரை கூறினார். சில வாரங்களில் ஆய்வக உதவியாளர் ஒருவர் கைகலப்பில் ஈடுபட்டு வேலை இழந்தார். 1813ஆம் ஆண்டு மார்ச்சு முதல்நாள் ஃபாரடே அவ்விடத்தில் அமர்த்தப்பட்டார். வாரத்திற்கு 25 ஷில்லிங் ஊதியம்; குடியிருக்க மாடியில் இரண்டு அறைகள்.

அவ்வாண்டு அக்டோபரில் டேவி ஐரோப்பியப் பயணம் புறப்பட்டார். அவருடைய பணியாள் போருக்கு அஞ்சிக் கடைசி நேரத்தில் பின்வாங்கவே, உதவியாளராகச் சென்ற ஃபாரடே பணியாளின் வேலையையும் சுமக்க நேர்ந்தது. டேவியின் மனைவி அவரை ஏவலாளாகவே நடத்தினார். மனம் நொந்து அறிவியலையே விட்டுவிடலாமா என்று எண்ணிய நாள்களும் உண்டு. ஆயினும் அந்த ஒன்றரை ஆண்டில் பாரிசில் ஆம்பியரையும் மிலானில் வோல்டாவையும் அவர் கண்டார். ஃபிளாரன்சில் பெரிய வில்லையொன்றால் கதிரவன் ஒளியைக் குவித்து வைரத்தை எரித்து, அதுவும் கரியே என்று டேவி காட்டியபோது உடனிருந்தார். கல்லூரி வாயிலை மிதியாதவருக்கு அப்பயணமே கல்லூரி.

இரும்பு வளையம்

மின்னோட்டம் பாயும் கம்பியின் அருகே காந்த ஊசி திரும்புவதை 1820ஆம் ஆண்டில் டென்மார்க்கைச் சேர்ந்த ஓர்ஸ்டெட் கண்டறிந்தார். அடுத்த ஆண்டே, மின்னோட்டம் பாயும் கம்பி காந்தத்தைச் சுற்றிச் சுழலும்படி ஃபாரடே செய்து காட்டினார். இன்றைய மின்விசிறிக்கும் மோட்டாருக்கும் முன்னோடி அந்தச் சிறு சுழற்சி. ஆனால் அவ்வெற்றி அவருக்குப் புகழோடு பழியையும் தந்தது. வொல்லாஸ்டன் என்னும் மூத்த அறிஞரின் கருத்தை உரிய நன்றி கூறாமல் எடுத்துக்கொண்டார் என்று பேச்சு எழுந்தது. 1824ஆம் ஆண்டில் ஃபாரடே ராயல் சொசைட்டியின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டபோது, அதன் தலைவராக இருந்த டேவியே அதனை எதிர்த்தார். கைதூக்கி விட்டவரே கதவடைக்க முயன்ற அந்நிகழ்வுக்குப் பின்னரும் ஃபாரடே டேவியை மதிப்புக் குறையாமலே நினைவுகூர்ந்தார்.

மின்சாரம் காந்தத்தை உண்டாக்குமெனில், காந்தம் மின்சாரத்தை உண்டாக்காதா? இவ்வினாவுக்கு 1831ஆம் ஆண்டு ஆகஸ்டு 29ஆம் நாள் விடை கிடைத்தது. ஆறங்குல விட்டமுள்ள இரும்பு வளையம் ஒன்றின் இருபுறமும் தனித்தனியே கம்பிச் சுருள்கள் சுற்றப்பட்டன. ஒரு சுருளை மின்கலத்தோடு இணைத்தபோது, அதனோடு தொடர்பே இல்லாத மறுசுருளின் அருகிலிருந்த காந்த ஊசி அசைந்து, பின்னர் நின்றுவிட்டது. மின்னோட்டம் சீராகப் பாய்ந்தபோது அசைவில்லை. இணைப்பைத் துண்டித்த நொடியில் ஊசி மீண்டும் அசைந்தது. காந்தம் இருப்பது மட்டும் போதாது. அது மாறவேண்டும் என்பதே அந்த ஊசி சொன்ன செய்தி. மாறும் காந்தப்புலம் தன் எல்லைக்குள் அகப்படும் கடத்தியில் மின்னோட்டத்தை எழுப்பும். எவ்வளவு விரைவாக மாறுகிறதோ அவ்வளவு வலிமையாக எழுப்பும். மின்னியற்றிகளும் மின்மாற்றிகளும் இவ்விதியின்மீதே இயங்குகின்றன. மின்காந்தத் துடிப்பு வீட்டுக் கருவிகளை அழிப்பதற்குக் காரணமும் இவ்விதியே. அது பின்னர் வரும்.

பன்னிரண்டடி அறை

அடுத்த சில ஆண்டுகளில் மின்னாற்பகுப்பு விதிகளை ஃபாரடே வகுத்தார். அதன்பின் அவர் கருத்து வேறொரு புதிரின்மீது சென்றது. மின்னூட்டம் என்பது ஒரு பொருளுக்குள் ஊறி நிற்பதா, அதன் மேற்பரப்பில் மட்டும் தங்குவதா? ஒருவகை மின்னூட்டத்தை மட்டும் தனியே பிரித்து ஓரிடத்தில் அடைத்துவைக்க முடியுமா? அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்க்ளின், மின்னூட்டிய வெள்ளிக் குவளைக்குள் பட்டுநூலில் தொங்கவிட்ட தக்கைக் குண்டு, குவளையின் உட்புறத்தால் ஈர்க்கப்படவில்லை என்பதை 1755ஆம் ஆண்டிலேயே கண்டு வியந்திருந்தார். காரணம் அவருக்கு விளங்கவில்லை. குவளைக்குள் குண்டைத்தான் இறக்க முடியும். ஆய்வாளர் இறங்க முடியாது. ஆகவே ஆய்வாளர் நுழையும் அளவுக்குக் குவளையைப் பெரிதாக்கிவிடுவது என்று ஃபாரடே முடிவுசெய்தார்.

1836ஆம் ஆண்டு சனவரியில் ராயல் இன்ஸ்டிடியூஷனின் சொற்பொழிவுக் கூடத்தில் அந்த அறை எழுந்தது. நீளம், அகலம், உயரம் ஒவ்வொன்றும் 12 அடி. மெல்லிய மரச்சட்டங்களால் கூடு அமைத்து, அதன்மீது குறுக்கும் நெடுக்குமாகச் செப்புக் கம்பிகளை வலைபோல் இழுத்துக் கட்டினார். அதன்மேல் காகிதம் போர்த்தி, எத்திசையிலும் வெள்ளீயத் தகட்டுப் பட்டைகளை ஒட்டினார். எந்த இடத்தில் தொட்டாலும் ஏனைய இடங்களோடு உலோகத் தொடர்பு அறாமல் இருக்கவேண்டும் என்பதில் மிகுந்த கவனம் செலுத்தினார். முழு அறையும் கண்ணாடித் தாங்கிகள்மீது தரையைத் தொடாமல் நின்றது. கொல்லரின் மகனுக்கும் நூற்கட்டுநருக்கும் இவ்வேலை புதிதன்று. சட்டம் பிணைப்பதும் காகிதம் ஒட்டுவதும் இளமையில் பழகிய கைகள் அவை.

கூடத்திலிருந்த பெரிய மின்பொறியைச் சுழற்றி அறையின் வெளிப்புறத்திற்கு மின்னூட்டம் செலுத்தப்பட்டது. எரியும் மெழுகுவத்திகளையும் நுண்ணிய மின்காட்டிகளையும் எடுத்துக்கொண்டு ஃபாரடே உள்ளே சென்றார். வெளியே அறையின் விளிம்புகளிலிருந்து நீண்ட பொறிகள் தெறித்தன. ஒளிக்கற்றைகள் துடைப்பம்போல் விரிந்து சீறின. உள்ளே இருந்தவரோ ஒவ்வொரு கருவியையும் நிதானமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். மின்காட்டியின் இலைகள் விரியவில்லை. சுடரில் எவ்வித மாற்றமும் இல்லை. அவர் உடலும் எதையும் உணரவில்லை. மின்னூட்டம் முழுவதும் வெளிமேற்பரப்பிலேயே தங்கியது. கண்ணாடிக் குழாயின் வழியே கம்பியைச் செலுத்தி உள்ளிருந்த காற்றுக்கு மின்னூட்டம் தரவும் அவர் முயன்று பார்த்தார். ஒருவகை மின்னூட்டத்தை மட்டும் தனியே அடைத்துவைக்கும் முயற்சி எவ்வகையிலும் கைகூடவில்லை.

இங்கே ஒன்று கருதத்தக்கது. தக்கைக் குண்டை இறக்கிப் பார்த்தே ஓரளவு முடிவுக்கு வந்திருக்கலாம். தொலைவில் நின்று கருவிகளை மட்டும் உள்ளே வைத்திருக்கலாம். வெளிச் சுவருக்கு மின்னூட்டும் வேளையில் தாமே உள்ளே நின்று பார்ப்பதைத் தவிர வேறெதுவும் ஃபாரடேக்கு நிறைவு தந்திராது. துணிச்சலைக் காட்டுவது அவர் நோக்கமன்று. உள்ளே மின்விளைவு சிறிதும் இல்லை என்று எழுதவேண்டுமானால், ஒரு மூலை விடாமல் தேடிப் பார்த்திருக்கவேண்டும் என்பது அவர் கொள்கை.

காரணம் என்ன? உலோகத்தில் கட்டுறா எலக்ட்ரான்கள் எண்ணற்றவை உள்ளன. வெளியிலிருந்து மின்புலம் தாக்கும்போது அவை விரைந்து இடம்பெயர்கின்றன. அவ்விடப்பெயர்ச்சியால் தோன்றும் எதிர்ப்புலம், தாக்கும் புலத்தை அறைக்குள் முற்றிலும் ஈடுசெய்துவிடுகிறது. எனவே உள்ளே நிகரப் புலம் சுழி. எலக்ட்ரான் என்ற சொல்லே ஃபாரடேயின் காலத்தில் இல்லை. அது கண்டறியப்பட்டது 1897ஆம் ஆண்டில். காரணத்தை இவ்வடிவில் அறியாமலே விளைவைத் துல்லியமாக அறிந்துகொண்டார் அவர்.

தெரிந்து தெளிவோம்

1843ஆம் ஆண்டில் பத்தரை அங்குல உயரமுள்ள உலோக வாளியொன்றைக் கொண்டு ஃபாரடே மற்றோர் ஆய்வு செய்தார். மின்னூட்டிய பித்தளைக் குண்டைப் பட்டுநூலில் கட்டி வாளிக்குள் இறக்கினார். குண்டு உட்சுவரைத் தொடாமலே, வாளியின் வெளிப்புறத்தோடு இணைத்த தங்க இலை மின்காட்டி விரிந்தது. குண்டு அடியைத் தொட்டபோதும் அவ்விரிவு கூடவோ குறையவோ இல்லை. பனிக்கட்டி வைக்கப் பயன்பட்ட வாளி அது. ஆகவே பனிக்கட்டி வாளி ஆய்வு என்றே அது இன்றும் வழங்குகிறது.

வானிலிருந்து வந்த துடிப்பு

ஃபாரடே தம் அறையை நிலைமின்னுக்காகக் கட்டினார். மின்காந்த அலைகளுக்கும் அது அரணாகும் என்பது பின்னாளில் தெளிந்தது. ஒளி என்பது விசைக்கோடுகளில் எழும் அதிர்வாக இருக்கலாம் என்று 1846ஆம் ஆண்டில் ஃபாரடே ஊகித்தார். கணிதத்தில் தேர்ந்த ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் அவ்வூகத்தையும் ஃபாரடேயின் பிற கருத்துகளையும் சமன்பாடுகளாக்கினார். மின்புலமும் காந்தப்புலமும் ஒன்றையொன்று எழுப்பி அலையாகப் பரவும் என்பது அவற்றிலிருந்து பெறப்பட்டது. ஹெர்ட்ஸ் 1880களின் இறுதியில் அத்தகைய அலைகளை ஆய்வகத்தில் உண்டாக்கிக் காட்டினார். வானொலியும் கைப்பேசியும் அவ்வழி வந்தவை.

மின்காந்தத் துடிப்பின் ஆற்றலை உலகம் கண்கூடாகக் கண்டது 1962ஆம் ஆண்டு சூலையில். பசிபிக் பெருங்கடலில் ஜான்ஸ்டன் தீவுக்கு மேலே ஏறத்தாழ 400 கிலோமீட்டர் உயரத்தில் அமெரிக்கா அணுகுண்டு ஒன்றை வெடித்துச் சோதித்தது. ஏறத்தாழ 1,400 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த ஹவாய்த் தீவில் தெருவிளக்குகள் சில நூறு அணைந்தன. திருட்டைத் தடுக்கும் அபாயமணிகள் தாமாகவே ஒலித்தன. அதே ஆண்டில் சோவியத் ஒன்றியம் கசகஸ்தான் வானில் நிகழ்த்திய சோதனையால் நெடுந்தொலைத் தொலைபேசித் தடம் பழுதுற்றது. வெடிப்பிலிருந்து வரும் காமாக் கதிர்கள் மேல்வளிமண்டலத்தின் மூலக்கூறுகளிலிருந்து எலக்ட்ரான்களை மோதி வெளியேற்றுகின்றன. அவை புவியின் காந்தப்புலத்தில் வளைந்து விரையும்போது வலிய அலையொன்று பிறந்து நிலத்தை நோக்கி வருகிறது. ஒரு நொடியின் நூறு கோடியில் சில பங்கு நேரத்திற்குள் அதன் புலம் உச்சத்தை எட்டிவிடும். விரைந்து மாறும் புலம் வலிய மின்னோட்டத்தை எழுப்பும் என்ற 1831ஆம் ஆண்டு விதியை இங்கே நினைவுகூர்தல் வேண்டும். மின்கம்பியும் அலைவாங்கியும் அத்துடிப்புக்கு வலைவிரித்து வைத்தவை போலாகின்றன. ஹவாய் மக்கள் அன்று பயன்படுத்திய வெற்றிடக்குழாய்க் கருவிகள் வலிமை மிக்கவை. நுண்சில்லுகளால் ஆன இன்றைய கருவிகளோ சிறிது மிகை மின்னழுத்தத்தையும் தாங்கா.

கதிரவனில் எழும் புயலும் இத்தகைய இடையூறு தருவதுண்டு. எனினும் அதன் இயல்பு வேறு. அது மெல்ல மாறும் புலம். மிக நீண்ட மின்தடங்களிலேயே அதன் விளைவு பெரிது. 1989ஆம் ஆண்டு மார்ச்சில் கனடாவின் கியூபெக் மாநிலம் முழுவதும் ஒன்பது மணிநேரம் இருளில் மூழ்கியது அதனாலேயே. அந்நேரத்தில் மின்னிணைப்பில் செருகாத சிறு கருவிக்கு அப்புயலால் தீங்கு நேர்வதில்லை. இணைப்பைக் கழற்றிவைத்தலே அதற்குப் போதிய காப்பு. அணுவெடிப்பின் துடிப்போ கருவியின் உள்ளிருக்கும் குறுங்கம்பிகளையும் தாக்கவல்லது. உலோக உறை தேவைப்படுவது இங்கேதான்.

வீட்டுக்குள் ஓர் அறை

ஃபாரடேயின் 12 அடி அறையைச் சுருக்கினால் இறுக்கமான மூடியுள்ள தகரப் பெட்டி கிடைக்கிறது. பிஸ்கட் டின்னும் அரிசி கொட்டிவைக்கும் தகர டிரம்மும் இதற்கு ஏற்றவையே. ஆயினும் தகரம் என்பதற்காகவே எதுவும் காப்பாகிவிடாது. ஃபாரடே எவற்றில் கவனம் செலுத்தினாரோ அவற்றிலேயே இன்றும் கவனம் தேவை.

முதன்மையானது உலோகத் தொடர்ச்சி. மூடியும் உடலும் சந்திக்கும் விளிம்பில் வண்ணப்பூச்சு இருந்தால், பார்வைக்கு மூடியதுபோல் தோன்றினும் மின்னோட்டத்திற்கு அது திறந்த வாயிலே. அப்பூச்சைச் சுரண்டி, உலோகம் உலோகத்தைத் தொடும்படி செய்தல் வேண்டும். இடைவெளியைக் கடத்தும் இயல்புள்ள உலோக ஒட்டுநாடாவால் அடைத்தல் நன்று. சிறு துளைகளைவிட நீண்ட மெல்லிய பிளவே மிகுந்த தீங்கு தரும். பெட்டியின் மேற்பரப்பில் ஓடும் மின்னோட்டத்தை அது குறுக்கிட்டுத் தடுத்து, தானே ஓர் அலைவாங்கிபோலச் செயற்பட்டு அலையை உள்ளே விடும். துளையின் அளவு அலைநீளத்தைவிட மிகச் சிறிதாக இருந்தால் அலை நுழைவதில்லை. மைக்ரோவேவ் அடுப்பின் கண்ணாடிக் கதவில் பதித்திருக்கும் துளைத்தகடு இதற்குச் சான்று. அவ்வடுப்பின் அலைநீளம் ஏறத்தாழ 12 சென்டிமீட்டர். துளைகளோ ஒன்றிரண்டு மில்லிமீட்டர். ஒளியின் அலைநீளம் மிகச் சிறிதாதலால் வேகும் உணவை நாம் காண முடிகிறது. ஆனால் அவ்வடுப்பையே கருவிகளுக்குக் காப்பாகக் கொள்ளுதல் சரியன்று. அதன் கதவு ஒரே ஒரு வகை அலையைத் தடுப்பதற்காக அமைந்தது. துடிப்போ பலவகை அலைகளின் தொகுதி.

அடுத்து, உள்ளே வைக்கும் கருவி உலோகச் சுவரைத் தொடலாகாது. மின்னோட்டம் பாயவிருப்பது அச்சுவரில்தான். அட்டை, மரம், தடித்த துணி ஆகியவற்றுள் ஒன்றை உட்புறமெங்கும் பரப்பிவிட்டால் போதும். கருவியை முதலில் காகிதத்தாலோ பிளாஸ்டிக்காலோ சுற்றி, அதன்மேல் அலுமினியத் தாளை இடைவெளியின்றிச் சில மடிப்பாகச் சுற்றினும் ஒரு காப்பு உண்டாகிறது. இவ்வளவு மெல்லிய தாள் எவ்வாறு தடுக்கும் என்ற ஐயம் எழலாம். விரைந்து அதிரும் அலை எழுப்பும் மின்னோட்டம் உலோகத்தின் மேற்புறத் தோலிலேயே ஓடும்; அம்மின்னோட்டம் எழுப்பும் எதிர்ப்புலம் அலையை அங்கேயே அடக்கிவிடும். இங்கும் செயற்படுவது மின்காந்தத் தூண்டலே. தாக்குதலுக்குக் காரணமான விதியே தடுப்புக்கும் காரணமாகிறது.

எந்தக் கம்பியும் பெட்டிக்குள் நுழைதல் கூடாது. மின்னேற்றும் வடத்தைப் பெட்டியின் வாய்வழியே வெளியே விட்டுவைத்தால், துடிப்பு அவ்வடத்தின் வழியே விருந்தாளியைப்போல் உள்ளே வந்துவிடும். பெட்டியைப் புவியோடு இணைக்கவேண்டும் என்று பலர் கருதுவர். சிறு பெட்டிக்கு அது தேவையில்லை. நீண்ட புவிக்கம்பி தானே அலைவாங்கியாகிவிடும் இடரும் உண்டு. ஃபாரடேயின் அறை புவியோடு இணைக்கப்படாமல் கண்ணாடித் தாங்கிகள்மீதே நின்றது என்பதை மறத்தலாகாது.

பெட்டி நன்கு அமைந்ததா என்பதை ஓரளவு சோதிக்கலாம். ஒலிக்கும் வானொலியை உள்ளே வைத்து மூடினால் நிலையத்தின் ஒலி அடங்கவேண்டும். கைப்பேசியை வைத்து வேறொரு பேசியிலிருந்து அழைத்தால் மணி ஒலிக்கக் கூடாது. ஒலித்தால் எங்கோ பிளவு உள்ளது என்பது உறுதி. ஒலிக்காவிடினும் வலிய துடிப்பை அது தாங்கும் என்று முழுமையாகச் சொல்லிவிட இயலாது. கைப்பேசிக் குறிப்பலைகள் மிக வலுக்குறைந்தவை. எதைக் காப்பது என்பதையும் எண்ணுதல் வேண்டும். வீட்டிலுள்ள எல்லாவற்றையும் பெட்டிக்குள் பூட்டிவைத்து வாழ முடியாது. மின்கலத்தால் இயங்கும் சிறு வானொலி, கைவிளக்கு, முதன்மையான ஆவணங்கள் அடங்கிய நினைவகம் ஆகியவை இருந்தால் இடர்ப்பொழுதில் செய்தி அறியவும் வழிகாணவும் இயலும்.

அரசுகளும் பெரிய நிறுவனங்களும் இதே முறையில் அறைகளையும் கட்டடங்களையும் அமைக்கின்றன. மருத்துவமனைகளில் காந்த ஒத்ததிர்வுப் படம் எடுக்கும் அறையின் சுவர்களுக்குள்ளும் செப்புத் தகடு ஓடுகிறது. அங்கே நோக்கம் சற்று வேறு. உடலிலிருந்து வரும் மெல்லிய குறிப்பலைகளை வெளியுலக வானொலி அலைகள் குழப்பாமல் காப்பதற்காகவே அது. அந்த அறையில் படுத்திருப்போர் ஒருவகையில் ஃபாரடேயின் அறையில்தான் படுத்திருக்கின்றனர்.

இறுதிக்காலம்

அறையைக் கட்டிய நான்கு ஆண்டுகளுக்குள் ஃபாரடேயின் உடல்நலம் குலைந்தது. தலைச்சுற்றலும் நினைவுத் தளர்ச்சியும் அவரை வாட்டின. செய்து முடித்த ஆய்வையே மறந்து மீண்டும் செய்யத் தொடங்கும் அச்சம் இருந்தது. ஆய்வுக் குறிப்பேட்டில் ஒவ்வொரு பத்திக்கும் எண்ணிட்டு எழுதும் பழக்கம் அப்போது அவருக்குக் கைகொடுத்தது. அவ்வெண்கள் 16,000ஐக் கடந்து செல்கின்றன. மனைவி சாரா அவரைக் குழந்தைபோல் பேணினார். ஓய்வுக்குப் பின் மீண்ட ஃபாரடே, 1845ஆம் ஆண்டில் காந்தப்புலம் ஒளியின் தளத்தைத் திருப்புவதைக் கண்டறிந்தார்.

அறிவியல் மேடையை விட்டு இறங்கியும் அவர் உழைத்தார். கலங்கரை விளக்கங்களின் ஒளியைச் செம்மைப்படுத்த அறிவுரை வழங்கினார். சுரங்க வெடிவிபத்தை ஆராய்ந்தார். தேம்சு ஆற்றின் அழுக்கைக் கண்டு நாளிதழுக்கு மடல் எழுதினார். ஆண்டுதோறும் கிறித்துமசு காலத்தில் சிறுவர்க்கென நடைபெறும் சொற்பொழிவுகளில் 19 தொடர்களை அவரே நிகழ்த்தினார். மெழுகுவத்தி ஒன்றை மட்டும் கையிலேந்தி வேதியியல் முழுவதையும் அவர் விளக்கிய தொடர் நூலாகி இன்றும் படிக்கப்படுகிறது. ராயல் சொசைட்டியின் தலைமைப் பதவி இருமுறை தேடிவந்தபோதும் மறுத்தார். சாண்டிமேனியன் என்னும் சிறிய கிறித்தவப் பிரிவில் பிறந்து வளர்ந்த அவர், செல்வம் சேர்ப்பதைத் தம் நெறிக்கு முரணானதாகக் கருதினார்.

1858ஆம் ஆண்டில் விக்டோரியா அரசியார் ஹாம்ப்டன் கோர்ட்டில் அவருக்கு ஒரு வீடு வழங்கினார். அடுத்த ஆண்டு செப்டம்பரில் கதிரவனிலிருந்து எழுந்த பெரும்புயல் புவியைத் தாக்கியது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் தந்திக் கம்பிகளில் தாமாகவே மின்னோட்டம் பாய்ந்தது. தந்தி ஊழியர் சிலர் அதிர்ச்சிக்கு உள்ளாயினர். மின்கலங்களைக் கழற்றிவிட்ட பின்னரும் பாஸ்டன், போர்ட்லண்டு நகரங்களுக்கிடையே வானம் தந்த மின்னோட்டத்தைக் கொண்டே செய்தி அனுப்பப்பட்டது. மாறும் காந்தப்புலம் கம்பியில் மின்னோட்டம் எழுப்பும் என்று ஆறங்குல வளையத்தில் 28 ஆண்டுகளுக்குமுன் கண்டவர், அது ஒரு கோளமளவுக்கு நிகழ்ந்த நாளில் உயிரோடிருந்தார். அவருக்கு அப்போது 68 வயது நிறைவதற்கு மூன்று வாரங்களே இருந்தன.

1862ஆம் ஆண்டு தம் கடைசிச் சொற்பொழிவை ஃபாரடே ஆற்றினார். பின்னர் நினைவு மெல்ல மெல்ல மங்கியது. 1867ஆம் ஆண்டு ஆகஸ்டு 25ஆம் நாள், ஹாம்ப்டன் கோர்ட் இல்லத்தில் நாற்காலியில் அமர்ந்தவாறே உயிர்நீத்தார். வெஸ்ட்மின்ஸ்டர் பெருங்கோவிலில் அரசர்களோடும் அறிஞர்களோடும் அடக்கம் பெறுவதை அவர் விரும்பவில்லை. ஹைகேட் கல்லறைத் தோட்டத்தில் எளிய கல்லொன்றின்கீழ் அவர் உடல் உள்ளது. அதில் அவர் பெயரும் பிறந்த நாளும் இறந்த நாளுமே பொறிக்கப்பட்டுள்ளன. கம்பி சுற்றிய அந்த இரும்பு வளையம் ராயல் இன்ஸ்டிடியூஷனில் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளது.